ஓர் ஓவியத்தைத் தேட இன்னோர் ஓவியத்தைத் துளைக்கலாமா?

மர்ம நாவல்களில் காணாமற்போன ஓவியத்துக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. பழைய அரண்மனை, பூட்டிய கதவு, என்றோ யாரோ எழுதிவைத்த இரண்டு சொல், அதைத் துரத்திக்கொண்டு ஓடும் ஓர் ஆணும் பெண்ணும், ஓட்டத்துக்கு நடுவே அரும்பும் காதல். கடைசி அத்தியாயத்தில் சுவர் உடையும். உள்ளே ஓவியம் பத்திரமாக இருக்கும். படித்தவர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவைப்பார்.

2013ஆம் ஆண்டு வெளிவந்த டான் பிரவுனின் ‘இன்ஃபெர்னோ’ நாவலில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலுள்ள ஓர் அரண்மனைச் சுவரின் இரண்டு சொற்கள் துப்பாக வருகின்றன. ‘செர்கா ட்ரோவா’ என்பவை அந்தச் சொற்கள். ‘தேடு, கண்டடைவாய்’ என்று பொருள் கொள்ளலாம். நாவல் கற்பனைதான். ஆனால் அந்தச் சுவர் கற்பனையன்று. அந்தச் சொற்களும் கற்பனையல்ல. அவற்றை நம்பி அறிஞர்கள் பல்லாண்டுகள் தேடியதும், கடைசியில் சுவரைத் துளைத்ததும் உண்மையாக நடந்தவை.

தேடப்பட்டது எது? லியனார்டோ டாவின்சி தீட்டத் தொடங்கிய ‘ஆங்கியாரிப் போர்’ என்ற மாபெரும் சுவரோவியம். அதைத் தேடுவதற்குத் துளைக்கப்பட்டது எது? ஜார்ஜியோ வசாரி என்ற இன்னொரு மறுமலர்ச்சிக் கால ஓவியரின் சுவரோவியம். இருப்பதைத் துளைத்து இல்லாததைத் தேடலாமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

மக்களுக்காகக் கட்டிய மண்டபம்

கதை 1494இல் தொடங்குகிறது. புளோரன்சைப் பல தலைமுறைகளாகப் பிடியில் வைத்திருந்த மெடிச்சி குடும்பம் அந்த ஆண்டு விரட்டப்பட்டது. நகரம் மீண்டும் குடியரசானது. சவோனரோலா என்ற துறவியின் தூண்டுதலால், குடிமக்கள் பெருமளவில் கூடி முடிவெடுக்கும் பேரவை ஒன்று அமைந்தது. அத்தனை பேர் உட்கார இடம் வேண்டுமல்லவா? அதற்காக அரசு மாளிகையில் ஒரு பெரிய மண்டபம் எழுப்பப்பட்டது. இன்று ‘ஐந்நூற்றுவர் மண்டபம்’ என்று அழைக்கப்படும் கூடம் அதுதான். ஏறத்தாழ 54 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் கொண்டது.

1498இல் சவோனரோலா அதே மாளிகைக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். ஆனாலும் குடியரசு நிலைத்தது. 1502இல் பியரோ சொடரினி என்பவர் ஆயுட்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மண்டபத்தின் வெறுஞ்சுவர்களில் குடியரசின் வெற்றிகளைத் தீட்டவேண்டும் என்ற திட்டம் அவர் காலத்தில் உருவானது.

அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பு லியனார்டோவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 51. அவருக்குத் தரப்பட்ட பொருள், 1440 ஜூன் 29ஆம் நாள் ஆங்கியாரி என்ற ஊருக்கு அருகில் மிலான் படையைப் புளோரன்சும் அதன் கூட்டாளிகளும் தோற்கடித்த போர்.

பழைய புத்தகத்தின் ஓரக் குறிப்பு

அந்தக் காலத்தின் பேச்சை இன்றைக்கு நம் காதில் போடும் ஒரு சான்று உண்டு. புளோரன்ஸ் அரசு அலுவலராக இருந்த அகொஸ்தினோ வெஸ்பூச்சி, தாம் படித்துக்கொண்டிருந்த சிசரோவின் நூலில், 1503 அக்டோபரில், பக்க ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினார். லியனார்டோ இப்போது லிசா டெல் ஜியோகொண்டோவின் முகத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்றும், பேரவை மண்டபத்தில் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்ப்போம் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இது 2005இல் கண்டறியப்பட்டது.

லிசா டெல் ஜியோகொண்டோ யார்? உலகம் ‘மோனாலிசா’ என்று கொண்டாடும் பெண்மணி. ஆக, மோனாலிசாவும் ஆங்கியாரிப் போரும் ஒரே காலத்தில் ஒரே கையில் இருந்தவை. ஒன்றைப் பார்க்கப் பாரிஸ் லூவர் அரும்பொருளகத்தில் ஒவ்வோர் ஆண்டும் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். மற்றொன்று எங்கே என்று கேட்டால் ஒருவரும் கைகாட்ட முடியாது.

1504 மே 4ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் இன்னமும் இருக்கிறது. அதற்குச் சாட்சி யார் தெரியுமா? அரசியல் தந்திரத்துக்குப் பேர்போன நிக்கோலோ மச்சியவெல்லி. மாதம் 15 புளோரின் பொற்காசு சம்பளம். 1505 பிப்ரவரி இறுதிக்குள் முழு அளவு மாதிரிப் படத்தை முடித்துத்தர வேண்டும். முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித்தர வேண்டும். லியனார்டோ எதையும் முடிக்கமாட்டார் என்ற பேச்சு அப்போதே ஊரில் இருந்தது என்பதை இந்த ஒப்பந்தத்தின் கெடுபிடியே காட்டிக்கொடுக்கிறது.

ஒரே கூரையின்கீழ் இரண்டு சிங்கங்கள்

போதாக்குறைக்கு, அதே மண்டபத்தில் இன்னொரு போர்க்காட்சியைத் தீட்டும் பொறுப்பு 1504இல் மைக்கலாஞ்சலோவுக்குத் தரப்பட்டது. அப்போது அவருக்கு வயது 29. ‘டேவிட்’ சிலையை முடித்துப் புகழின் உச்சியில் இருந்தவர். 1364இல் பீசா நகரத்துக்கு எதிராக நடந்த காஷினா போர் அவருடைய பொருள். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த வீரர்கள், எதிரி வருகிறான் என்று கேட்டு அடித்துப்பிடித்துக் கரையேறும் காட்சியை அவர் வரைந்தார். லியனார்டோவோ, ஒரு போர்க்கொடிக்காகக் குதிரைவீரர்கள் கட்டிப்புரளும் காட்சியை நடுநாயகமாக வைத்தார். அதில் மனிதர் முகத்திலும் வெறி, குதிரை முகத்திலும் வெறி.

இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. அந்தக் காலத்தின் இரு பெரும் கலைஞர்கள் ஒரே மண்டபத்தில் மோதப்போகிறார்கள் என்று ஊரே காத்திருந்தது. நாவலாசிரியன் ஒருவன் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்தால், மிகைப்படுத்திவிட்டான் என்றுதான் சொல்வோம்.

நடந்தது என்ன? மைக்கலாஞ்சலோ மாதிரிப் படத்தோடு நிறுத்திவிட்டார். 1505இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அவரை ரோமுக்கு அழைத்துக்கொண்டார். அவருடைய மாதிரிப் படம் இளம் ஓவியர்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்து, பின்னர் துண்டுதுண்டாகக் கிழிந்து போயிற்று. பொறாமையால் அதைக் கிழித்தவர் பந்தினெல்லி என்ற சிற்பி என்று வசாரி பழி சொல்கிறார்.

லியனார்டோ சுவர்வரைக்கும் போனார். 1505 ஜூன் 6ஆம் நாள், வெள்ளிக்கிழமை, சுவரில் வண்ணம் தொட்ட வேளையில் வானம் இருண்டது, மாதிரிப் படம் கிழிந்தது, தண்ணீர்க் குடம் உடைந்து கொட்டியது, மாலைவரை பெருமழை பெய்தது என்று அவரது குறிப்பேடு சொல்கிறது. அந்தக் குறிப்பேடு ஸ்பெயினின் மாட்ரிட் தேசிய நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1960களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

கெட்ட சகுனமோ என்னவோ, வேலை கெட்டுப்போனது. பொதுவாகச் சுவரோவியம் தீட்டுகிறவர்கள் ஈரச் சுண்ணத்தின்மேல் மளமளவென்று வண்ணம் பூசிவிடுவார்கள். சுண்ணம் உலர்ந்துவிட்டால் வண்ணம் பிடிக்காது. நிதானமாக, திருத்தித் திருத்தி வேலை செய்யும் லியனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவராது. எனவே எண்ணெய் கலந்த வண்ணத்தைச் சுவரில் ஏற்ற அவர் முயன்றார். மிலானில் ‘கடைசி விருந்து’ ஓவியத்திலும் வழக்கத்தை மீறிய சோதனை செய்து, அது அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. ஆங்கியாரியிலும் கலவை சுவரில் நிற்காமல் வழிந்தது என்று வசாரி எழுதுகிறார். உலரவைக்க அடியில் கரி மூட்டினார்கள், கீழ்ப்பகுதி உலர்ந்தது, மேல்பகுதிக்குச் சூடு எட்டவில்லை என்று அக்கால எழுத்தாளர் இன்னொருவர் சொல்கிறார்.

1506இல் லியனார்டோ மிலானுக்குப் புறப்பட்டுவிட்டார். பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பெரிய வேலையில் சிறிய தொடக்கம் மட்டுமே செய்திருக்கிறார் என்று சொடரினி அந்த ஆண்டு அக்டோபரில் மனம் கசந்து கடிதம் எழுதினார்.

மறைந்த குடியரசு, மறைந்த ஓவியம்

1512இல் மெடிச்சி குடும்பம் திரும்பி வந்தது. குடியரசின் மண்டபத்தில் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். இடையில் மூன்றாண்டுகள் குடியரசு மீண்டும் தலைதூக்கி, 1530இல் வீழ்ந்தது. பிறகு வந்த கோசிமோ மெடிச்சி 1540இல் அந்த மாளிகையையே தம் வீடாக்கிக்கொண்டார். 1560களில், பேரவை மண்டபத்தை ஆட்சியாளரின் தர்பார் மண்டபமாக மாற்றும் பணி வசாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கூரையைப் பல மீட்டர் உயர்த்தினார். சுவர்களைப் புளோரன்சின் போர் வெற்றிகளால் நிரப்பினார். கூரையின் நடுவில் கோசிமோவையே தேவனைப்போல் வீற்றிருக்கச் செய்தார்.

லியனார்டோவின் வேலை என்ன ஆயிற்று? 1549இல்கூட, புளோரன்சுக்கு வரும் நண்பருக்கு டோனி என்ற எழுத்தாளர், மண்டபத்துக்குப் போய் லியனார்டோவின் குதிரைகளைப் பார்த்துவிட்டுப் போ என்று கடிதம் எழுதியிருக்கிறார். அதாவது வசாரி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பார்ப்பதற்கு ஏதோ இருந்திருக்கிறது. அதன்பிறகு சத்தமே இல்லை.

இங்கேதான் மர்மம் கனக்கிறது. வசாரி வெறும் ஓவியர் மட்டுமல்லர். கலைஞர்களின் வரலாற்றைத் தொகுத்து எழுதிய முன்னோடி. லியனார்டோவை மனமாரப் புகழ்ந்தவர். அப்படிப்பட்டவர் லியனார்டோவின் ஓவியத்தைச் சுரண்டி எறிந்திருப்பாரா? இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1570 வாக்கில் புளோரன்சின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் வசாரி ஒரு புதிய பீடத்தை அமைத்தார். 1860 வாக்கில் அது அகற்றப்பட்டபோது பின்னால் என்ன இருந்தது? மசாச்சியோ என்ற முன்னோடி ஓவியரின் புகழ்பெற்ற ‘திரித்துவம்’ ஓவியம். வசாரி அதை அழிக்கவில்லை, மூடி மட்டும் வைத்திருந்தார். ஒரு முறை அப்படிச் செய்தவர் மறுமுறையும் செய்திருக்கக்கூடாதா?

இரண்டு சொல்லும் ஆறு துளையும்

1970களில் மவுரிசியோ செராசினி என்ற இத்தாலியப் பொறியியலாளரின் கண்ணில் அந்த இரண்டு சொற்கள் பட்டன. மண்டபத்தின் கிழக்குச் சுவரில், 1554இல் நடந்த மர்ச்சியானோ போரை வசாரி தீட்டியிருக்கிறார். அதில் வீரர்களுக்கு நடுவே ஒரு பச்சைக் கொடி. கொடியில் பொடி எழுத்தில் ‘செர்கா ட்ரோவா’. தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் சாதாரணக் கண்ணுக்குப் படாத உயரம். பார்க்க முடியாத இடத்தில் ஏன் எழுதவேண்டும்? இங்கே தேடு என்று வசாரி சொல்லிவைத்திருக்கிறார் என்பது செராசினியின் முடிவு.

பிற்காலத்தில் நவீனக் கருவிகள் வந்தன. ரேடார் அலைகளைச் செலுத்திப் பார்த்தபோது, வசாரியின் ஓவியம் இருக்கும் செங்கல் சுவருக்கும் பழைய கற்சுவருக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில், நகர மேயராக இருந்த மத்தேயோ ரென்சியின் ஆதரவோடும் நேஷனல் ஜியோகிராபிக் கழகத்தின் உதவியோடும், வசாரியின் ஓவியத்தில் ஆறு இடங்களில் துளையிட்டுச் சிறு கேமராக்கள் நுழைக்கப்பட்டன. அசல் வண்ணம் ஏற்கெனவே போன இடங்களையும், பின்னாளில் செப்பனிடப்பட்ட இடங்களையும் பார்த்தே துளைத்ததாகக் குழுவினர் விளக்கினார்கள்.

2012 மார்ச்சில் முடிவு வெளியானது. மாங்கனீசும் இரும்பும் கலந்த கருநிறத் துகள் கிடைத்திருக்கிறது, இப்படிப்பட்ட சேர்மத்தை லியனார்டோ மோனாலிசாவிலும் பயன்படுத்தியிருக்கிறார் என்று அறிவித்தார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது.

ஆனால் எதிர்ப்பும் கூடவே எழுந்தது. பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்த செசிலியா புரோசினினி, துளையிடும் பணியில் பங்கெடுக்க மறுத்து விலகினார். நூற்றுக்கும் மேற்பட்ட கலை அறிஞர்கள் பணியை நிறுத்தக் கோரி மனுவில் கையெழுத்திட்டார்கள். மாங்கனீசும் இரும்பும் கலந்த நிறம் எந்த ஓவியனிடமும் இருக்கக்கூடிய சாதாரணப் பொருள், அது லியனார்டோவின் கையெழுத்து ஆகாது என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டே தேடல் நிறுத்தப்பட்டது.

அது துப்பா, ஏளனமா?

அந்தச் சொற்களுக்கு வேறொரு விளக்கம் இருக்கிறது. நாவலாசிரியர்களுக்கு அது இனிக்காது. ஆனால் வரலாற்றுக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மர்ச்சியானோ போரில் கோசிமோவின் படையை எதிர்த்தவர்களில், நாடு கடத்தப்பட்ட புளோரன்ஸ்காரர்களும் இருந்தார்கள். பறிபோன குடியரசை மீட்கப் புறப்பட்டவர்கள். அவர்கள் பச்சைக் கொடி ஏந்தினார்கள். அதில், சுதந்திரத்தைத் தேடிச் செல்லும் ஒருவனைப் பற்றி மகாகவி தாந்தே எழுதிய அடி பொறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் தோற்றார்கள், வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். வென்றவரின் ஓவியர் அதே பச்சைக் கொடியில் என்ன எழுதினார்? தேடினீர்கள் அல்லவா, கண்டுகொண்டீர்கள்!

இப்படிப் பார்த்தால் அது புதையலுக்கு வழிகாட்டும் குறிப்பன்று, தோற்றவனைப் பார்த்து வென்றவன் சிரித்த சிரிப்பு. மக்கள் கூடிய மண்டபத்திலேயே மக்களாட்சியைக் கேலி செய்து எழுதப்பட்ட வாசகம். ஓர் ஓவியம் தொலைந்ததைப் பற்றித் தலைப்புச் செய்தி போட்ட உலகம், ஒரு குடியரசு தொலைந்ததைக் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் வேதனை.

2020இல் இன்னோர் இடி இறங்கியது. புரோசினினி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய கணக்கேடுகளையும் கட்டடப் பதிவுகளையும் ஆராய்ந்து, லியனார்டோ அந்தச் சுவரில் ஓவியம் தீட்டவே இல்லை என்ற முடிவை முன்வைத்தார்கள். வண்ணம் ஏற்றுவதற்குமுன் சுவரில் பூசவேண்டிய அடிப்பூச்சே தோற்றுப்போனது, அதற்குமேல் வேலை நகரவில்லை என்பது அவர்கள் கருத்து. அப்படியானால் டோனி 1549இல் பார்க்கச் சொன்ன குதிரைகள் எவை என்று மறுதரப்பார் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் பதில் தேட, சுவரை உடைப்பதுதான் ஒரே வழியா?

நாவல் முடியும் இடம், வரலாறு தொடங்கும் இடம்

துளையிடுவதை ஆதரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. வசாரியின் போர்க்காட்சி லியனார்டோவின் சாதனைக்கு ஈடாகாது என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள். பெரியது ஒன்று கிடைக்குமென்றால் சிறியதற்கு ஆறு துளை விழுந்தால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். நோயைக் கண்டறிய மருத்துவர் ஊசி போடுவதில்லையா?

ஊசி போடலாம்தான். நோயாளி நன்மைக்காகப் போடலாம். பக்கத்துக் கட்டிலில் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பதற்காக இந்தக் கட்டிலில் இருப்பவரைக் குத்தலாமா? லியனார்டோவுக்கு வெண்ணெய், வசாரிக்குச் சுண்ணாம்பு என்றால் அது கலை நியாயமாகாது. வசாரி எழுதிவைத்திராவிட்டால் லியனார்டோவைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி இல்லாமற்போயிருக்கும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மேலும், ஆங்கியாரிப் போர் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. கொடிக்காகக் கத்தும் வீரர்களின் முகங்களை லியனார்டோ தம் கையால் வரைந்த தாள்கள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் அரும்பொருளகத்தில் உள்ளன. அந்தக் காட்சியைப் பார்த்துப் பலர் பிரதி எடுத்தார்கள். பிரதியிலிருந்து பிரதி பிறந்தது. 1577இல் பிறந்த ரூபன்ஸ் மூல ஓவியத்தைக் கண்டதே இல்லை. ஆனாலும் பழைய பிரதி ஒன்றின்மேல் அவர் தம் கைவண்ணத்தைச் சேர்த்த படம் லூவரில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவருக்குக் குதிரைகளின் கனைப்பு காதில் விழும். மூலம் மறைந்து பல ஆண்டு கழிந்த பிறகும் ஓர் ஓவியம் இன்னோர் ஓவியனின் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறது என்றால், அதைத் தொலைந்துபோனது என்று எப்படிச் சொல்வது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. தீர விசாரிப்பதற்குக் கடப்பாரை தேவையில்லை. பழைய கணக்குப் புத்தகமும், நூலகத்தில் தூசி படிந்த ஓரக் குறிப்பும், பொறுமையும் போதும். வெஸ்பூச்சியின் குறிப்பு 500 ஆண்டு கழித்துக் கிடைத்ததுபோல் நாளை இன்னொன்று கிடைக்கலாம். சுவரைத் தொடாமலே உள்ளே பார்க்கும் கருவியும் வரலாம். அதுவரை அந்தச் சுவர் காத்திருக்கும். துளைத்த சுவரில் வசாரியின் வண்ணத்தைத் திரும்ப வரவழைக்க எந்தக் கருவியாலும் முடியாது.

காதலும் மர்மமும் கலந்த நாவலைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். தவறில்லை. அந்த ருசியால் புளோரன்ஸ் வரலாற்றின் பக்கம் பத்துப் பேர் திரும்பினால் அதுவும் நன்மைதான். ஆனால் புத்தகத்தை மூடிவைத்தபின் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் இழந்ததைத் தேடிப் போகும் வழியில், கையில் இருப்பதை எத்தனை முறை துளைத்திருக்கிறோம்?